ரிமோட் பந்தயக் காரின் 17.5 டர்ன் (கம்பிச் சுற்று) மோட்டார் பாதி ஓட்டத்தில் தளர்வது பற்றி

மோட்டாரை மாற்ற வேண்டாம். முதலில் டைமிங்கை, அதாவது சுருள்களுக்கு மின்சாரம் எவ்வளவு முன்கூட்டியே மாறுகிறது என்ற கோணத்தை, குறையுங்கள். கடைசி இரண்டு நிமிடங்களில் கார் தளர்வதாகவும், ஓட்டம் முடிந்ததும் மோட்டார் 95 டிகிரி செல்சியஸ் காட்டுவதாகவும் எழுதி, 13.5 டர்னுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்று குறைந்த மோட்டார் அதே பேட்டரியில் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், இதே பற்சக்கரங்களோடு அது இன்னும் விரைவாகச் சூடேறும்.

மோட்டாரின் பின்மூடியில் டைமிங்கை 50 டிகிரிக்கு ஏற்றிய பிறகும் 48 பல் பினியனை (மோட்டார் அச்சிலுள்ள பற்சக்கரத்தை) அப்படியே விட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். டைமிங் ஏறினால் உச்சச் சுழற்சி கூடும், முறுக்குவிசை குறையும். அந்நிலையில் பெரிய பினியன் வளைவுக்கு வளைவு மோட்டாரைத் திணறடிக்கும்.

1. பினியனைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் சுழற்றுங்கள். எங்காவது பிடித்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், டைமிங் பிறகு.

2. டைமிங்கை 40க்கு இறக்கி, 46 பல் பினியனைப் போடுங்கள். உங்கள் 100 பல் ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம்), 1.9 உள்விகிதத்தோடு (ஸ்பருக்கும் சக்கரங்களுக்கும் இடையிலான விகிதம்) மொத்த விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுழல மோட்டார் சுழலும் எண்ணிக்கை, 3.96இலிருந்து 4.13 ஆகும். பற்களுக்கிடையே மயிரிழை இடைவெளி இருக்கட்டும்.

3. இரண்டு நிமிடம் ஓட்டி, நிறுத்திய உடனே வெப்பத்தை அளந்த பிறகே முழு ஓட்டத்துக்குப் போங்கள்.

இஎஸ்சியில் (மோட்டாரின் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில்) பூஸ்ட் என்ற கூடுதல் டைமிங் அமைப்பு இயங்கினால் அந்த டைமிங்கும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே அதைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டுச் சோதியுங்கள். வெப்பமானி வெளிக்கூட்டை மட்டுமே அளக்கிறது, உள்ளே ரோட்டார் (சுழலும் காந்தப் பகுதி) அதைவிடச் சூடாக இருக்கலாம். அதிக வெப்பத்தில் ரோட்டாரின் காந்தம் நிரந்தரமாக வலுவிழக்கும் என்பதால், இத்தனைக்குப் பிறகும் குளிர்ந்த நிலையிலேயே கார் மந்தமாக இருந்தால் ரோட்டாரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.