1841-இல் 25 வயது, 1851-இல் 38 வயது: இருவரும் ஒரே ஆளா?

மூதாதையரைத் தேடும்போது, இங்கிலாந்தின் லங்காஷயர் கவுண்டியைச் (மாவட்டம் போன்ற பகுதி) சேர்ந்த நெசவாளி ஒருவரின் வயது 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 25 என்றும் 1851-இல் 38 என்றும் இருக்கிறதா? ஒரே ஆளாக இருக்கலாம்.

கணக்கெடுப்பு என்பது ஒரு குறிப்பிட்ட இரவில் வீட்டில் தங்கியிருந்தவர்களின் பட்டியல். 1841-இல், 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 28 ரூபாய்க்குச் சில்லறையைத் தள்ளிவிட்டு 25 என்று கடைக்காரர் எழுதிக்கொள்வாரே, அதுபோலத்தான். ஆக, 28 வயதுக்காரர் 25 ஆகிவிட்டார்.

அதனால் 1851-இலிருந்து தொடங்குங்கள். 1841 பதிவு, இதே கவுண்டியில் பிறந்தவரா, இல்லையென்றால் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு இவற்றில் பிறந்தவரா என்று மட்டுமே கேட்டது. 1851-இல் பிறந்த ஊரே இருக்கும். சொத்தோ உயிலோ விட்டுப்போகாத கூலிக் குடும்பத்துக்கு இந்த ஒரு கட்டம் பெரும் புதையல். அப்புறம் அந்த ஊர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலுக்குத் தனிக் கட்டம் உண்டு. அங்கும் ‘நெசவாளி’ என்றிருந்தால் மனசு துள்ளும்.

பெயரின் எழுத்து மாறினால் வேறு குடும்பம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு, காதில் விழுந்ததை எழுத்தர் எழுதினார், பெயருக்கு உரியவர் எழுதத் தெரியாமல் பல நேரம் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிதான் போட்டார்.