மண்ணுளிக்கு என்ன பரப்பலாம்? – கேள்வி பதில்

லண்டனில் இரண்டு கென்ய மண்ணுளிப் பாம்புகள் வளர்க்கிறேன். இன்று தொட்டிக்குள் பரப்புவதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கே: முதல் பாம்பு வாங்கியிருக்கிறேன். எதைப் பரப்ப?

ப: ஆஸ்பென் மரச்சீவல், நான்கு அங்குல உயரத்துக்கு. லேசாக அழுத்திவிட்டால் பாம்பு தோண்டிப்போன வழி சரியாமல் நிற்கும். ஒரே குறை, நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணமாகப் பார்த்துக் குளிர்ந்த பக்கம் வையுங்கள். நனைந்த சீவலை அன்றே அள்ளிவிடுங்கள்.

அப்புறம், அடிச்சூடு. தொட்டிக்கு அடியில் சூடேற்றும் பாய் இருந்தால், இந்தப் பாம்பு கண்ணாடி வரை தோண்டிப்போய் அதை ஒட்டியே படுத்துக்கொள்ளும். மேலே வெப்பமானி 28 டிகிரி காட்டும். கீழே வயிறு வெந்துகொண்டிருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரி கண்ணாடியை ஒட்டியே இருக்கவேண்டும். 33 டிகிரி போதும்.

கே: சிடார் மரச்சீவல் நல்ல மணமாக இருக்கிறதே?

ப: அந்த மணம்தான் விஷம். வேண்டாம்.

கே: தேங்காய் நார்த்தூள்?

ப: ஈரமாக வைத்தால் இந்த வகைக்குச் செதில் அழுகும், காயவிட்டால் தூசி பறக்கும். மழைக்காட்டுப் பாம்புக்குக் கொடுங்கள்.

கே: வறண்ட நிலத்துப் பாம்புதானே, மணல் போட்டால் என்ன?

ப: கடையில் விற்கும் கால்சியம் மணல் மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் கட்டியாகும், வயிற்றுக்குள் போனாலும் அதே கதைதான்.

கே: பத்து வருடமாக வெறும் மணலில்தான் வளர்க்கிறேன். குடல் அடைக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

ப: பாதி ஒப்புக்கொள்கிறேன். நன்றாகச் சூடும் தண்ணீரும் கிடைக்கிற பாம்பு, இரையோடு போன கொஞ்சம் மணலைக் கழித்துவிடும். நோஞ்சான் பாம்புக்கும் சூடு போதாத தொட்டிக்கும்தான் ஆபத்து. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் இது வாழ்வது வெறும் மணல் குவியலில் மட்டும் இல்லை, பொலபொலப்பான மண்ணிலும்தான். காய்ந்த மணலில் வளை நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். உரம் கலக்காத தோட்டமண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, தண்ணீர் தெளித்து அழுத்திக் காயவிட்டுப் பாருங்கள். மணல் ஒட்டாதபடி எலியைத் தட்டில் வையுங்கள்.

கே: ஆக, நான் சொன்னது சரிதானே?

ப: பாதி என்றேன்.

கே: கடற்கரை மணல்?

ப: உப்பு. வேண்டாம்.

கே: தச்சுப் பட்டறையில் மரத்தூள் சும்மா கிடைக்கிறது.

ப: எந்த மரம், என்ன பசை என்று அவர்களுக்கே தெரியாது. வேண்டாம்.

கே: எத்தனை அங்குலம் பரப்பவேண்டும்?

ப: முதல் பதிலைப் படியுங்கள், ஐயா.

கே: திருநெல்வேலியில் எங்கள் தோட்டத்தில் இரட்டைத்தலை மண்ணுளி கிடைத்தது. தொட்டியில் என்ன போட?

ப: எதையும் போடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். தலை ஒன்றுதான், மற்றது மழுங்கின வால். கோடிக்கு விலைபோகும் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கே: சீவல் போட்டதிலிருந்து என் பாம்பு வெளியிலேயே வருவதில்லை. பிடிக்கவில்லையோ?

ப: பிடித்திருக்கிறது. வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால்தான் அடிச்சூட்டைப் பாருங்கள்.