மான் பார்க்க வேன் பிடிக்கலாமா?

கேள்வி: காலை நடைக்கு வரும் நண்பர்கள் 14 பேர், மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கோடியக்கரை போகலாம் என்றிருக்கிறோம். அப்படியே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, வேளாங்கண்ணி, நாகூர் எல்லாம் பார்த்துவிடலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பார்க்கலாமே, வேன் ஜன்னல் வழியாக. உங்கள் ஊரிலிருந்து கோடியக்கரை 100 கிலோமீட்டருக்கு மேல். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் டீக்கு இறங்கினால் 14 பேரையும் திரும்ப ஏற்ற அரை மணி நேரம் தனி. அதனால் கோடியக்கரை மட்டும் போதும். முத்துப்பேட்டைக்கு இன்னொரு ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே லகூனுக்குள், அதாவது கடலோரக் காயலுக்குள், படகில்தான் போக வேண்டும்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் வெளிமான் நிழல் பார்த்து ஒதுங்கிவிடும். 1967-இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததே இந்த மானுக்காகத்தான். வளர்ந்த கிடாவுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட மாதிரி கொம்பு. பெட்டை வெளிர் பழுப்பு, கொம்பு கிடையாது.

போன தை மாதம் எங்கள் குழு போனது. வேனை நிறுத்திவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், கூப்பிடு தூரத்தில் ஒரு கிடா, காதை மட்டும் திருப்பித் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, அந்த நேரம் பார்த்து ஒரு மாமா போனில் "ஆமாம்ப்பா, மான்தான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்று உரக்கச் சொன்னார். அவ்வளவுதான். நான்கு காலும் ஒன்றாகத் தரையைவிட்டு எழும்ப, எம்பி எம்பிப் போய்விட்டது. அந்தத் துள்ளலைக் காட்டிக்கொடுத்ததற்கு மாமாவுக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. நீங்கள் போனை வண்டியில் ஏறும்போதே சைலண்டில் போட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் கொண்டுவருகிறவர் இருந்தால் அவரை நாகூருக்குத் தனியாக அனுப்பிவிடலாம்.

அப்புறம் சதுப்புப் பக்கம் பூநாரை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை பறவைகளுக்கு நல்ல பருவம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சலித்துச் சாப்பிடும், அந்த ரோஸ் நிறம் அது தின்கிற கூனிப்பொடி, பாசியிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பது வயதுக்கு வராத இளசு. தூரத்தில்தான் நிற்கும், ஒரு பைனாகுலராவது வேண்டும்.

புளிசாதத்தை வேனுக்கு வெளியே பிரிக்காதீர்கள். குரங்கு எங்கள் தூக்கையே கொண்டுபோய்விட்டது.

கேள்வி: கோடியக்கரைக் காட்டில் குதிரை பார்த்தேன். அதுவும் நம் மண்ணின் விலங்கா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை. யாரோ எப்போதோ வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் வாரிசுகள்தான் இன்று காட்டுக்குதிரை என்று பெயர் எடுத்திருக்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் மான் மேய்கிற அதே புல்லைத்தான் அதுவும் மேய்கிறது, கோடையில் குட்டைத் தண்ணீருக்கும் போட்டி. சீமைக் கருவேலம் வேறு புல்வெளிக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது. குதிரையோடு செல்ஃபி எடுத்திருந்தால் பரவாயில்லை, பிஸ்கட் மட்டும் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.