ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தோடு ஜெர்மனும் படித்தால் பிள்ளை குழம்பிவிடுமா?

குழம்பாது. சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நம் ஊர் நெசவுக் குடும்பங்களில் வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் படித்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்!

வேலைக்காக நான்கு வருடம் பெர்லினில் இருந்தோம். என் மகள் அங்கே ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் நடக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தாள். 1992 முதல் அந்த ஊரில் இப்படிப் பள்ளிகள் இருக்கின்றன. வகுப்பில் பாதி ஜெர்மன் பேசும் பிள்ளைகள், பாதி மற்ற மொழிக்காரர்கள் என்பது ஏற்பாடு. கணக்கு ஜெர்மனில், அறிவியல் ஆங்கிலத்தில். எழுத்துக்கூட்டிப் படிப்பதை மட்டும் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க மாட்டார்கள். பிள்ளைக்கு எது நன்றாக வருமோ அதில்தான் முதலில். எழுத்து ஒன்று, ஓசை வேறு அல்லவா? e, i என்ற எழுத்துகள் அந்த வரிசையில் வந்தால் ஜெர்மனில் 'ஐ' என்ற ஓசை; திருப்பிப் போட்டால் 'ஈ'.

எங்களைப் படுத்தியது எண்கள்தான். ஜெர்மனில் 24-ஐ 'நாலும் இருபதும்' என்றுதான் சொல்வார்கள். இருபது வரை தொல்லையில்லை. லீவில் வந்தபோது ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவையும் ஜெர்மனில் எண்ணிக்கொண்டே வந்தாள். சேலத்துக்கே திரும்பி நான்காம் வகுப்பில் சேர்த்ததும், 'சிக்ஸ்டி த்ரீ' என்றால் 36 எழுதுகிறாள், கவனமே இல்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டம் போட்ட நோட்டில், முதலில் காதில் விழுந்த 6-ஐ வலது கட்டத்தில் போட்டுவிட்டு, இடது கட்டத்துக்குப் போய் 3 எழுதினாள். ஜெர்மனில் கேட்டிருந்தால் மிகச் சரி! இரண்டு மாதத்தில் தானாகவே போய்விட்டது.

தமிழ் கைகொடுத்த இடமும் உண்டு. ஜெர்மனில் 'ஏனென்றால்' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். நாம் பேசுவதே அப்படித்தானே. கூடப் படித்த ஆங்கிலேயப் பையன் அதில் தடுமாறுவான், இவள் தடுமாறியதில்லை.

நீங்கள் பார்த்திருக்கும் பள்ளியில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தப் பாடம் ஜெர்மனில் நடக்கிறது? வாரம் இரண்டு பீரியட், கொஞ்சம் பாட்டு, நிறங்களின் பெயர் என்றால் அது வெறும் மொழி வகுப்பு. சேர்த்தால் கெடுதல் இல்லை; அதற்காகக் கூடுதல் ஃபீஸ் கட்ட நான் மாட்டேன். ஜெர்மனியில் மேல்படிப்பு என்ற கணக்கில் யோசித்தால், பத்து வயதுக்கு மேல் தொடங்கினாலும் நேரம் இருக்கிறது. மூன்று வருடம் அதிலேயே படித்த என் மகளுக்கே, பேச ஆளில்லாமல் ஒன்றரை வருடத்தில் பேச்சு போய்விட்டது. கார்ட்டூன் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது.

தப்பு நாங்கள் செய்தது வேறு. அங்கே இருந்தபோது தமிழ் எழுத்தை 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போட்டோம். இப்போது அம்மாயி அவளை ஸ்டாப்பில் நிறுத்தி பஸ் போர்டைப் படிக்கச் சொல்கிறார். அஸ்தம்பட்டி என்று கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது.