பழைய பிக்கப்பில் ஆயில் மாற்றம்: கேள்வி பதில்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிக்கப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கொள்ளளவும் கிரேடும் மாடலுக்கு மாடல் மாறும். அதற்கு உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதுதான் முடிவு. மற்றதை இங்கே பார்ப்போம்.

கேள்வி: 2,40,000 கி.மீ. ஓடிய டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறேன். சர்வீஸ் ரெக்கார்டு எதுவும் கிடையாது. எதிலிருந்து ஆரம்பிப்பது சார்?

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். எங்கே சொட்டுகிறது, என்ன நிறத்தில் சொட்டுகிறது என்று காலையில் தெரியும். கசிவு இருக்கும் இடத்தில் புது ஆயில் ஊற்றினால் அதுவும் தரைக்குத்தான் போகும்.

அடுத்து இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும். பிறகு பிரேக் ஆயில். இதைத் தள்ளிப்போடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. அதற்குப் பின் கூலண்ட், டீசல் ஃபில்டர், பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் தொகுதி), நான்கு சக்கர டிரைவ் என்றால் முன் டிஃபரன்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி). கியர் பாக்ஸ் கடைசியில் வரலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். மறுநாள் ஒரு சத்தமோ கசிவோ வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாகத் தார் மாதிரி படிந்திருக்கிறது. இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றலாமா?

வேண்டாம். அந்தப் படிவு மொத்தமாகப் பெயர்ந்தால் போய்ச் சேரும் இடம், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் சல்லடை. அது அடைத்தால் பம்ப் உறிஞ்ச முடியாமல் பிரஷர் விழும். முதலில் அடி வாங்குவது டர்போவும் பேரிங்குகளும். சரியான கிரேடில் நல்ல ஆயில் ஊற்றி, 2,000 கி.மீ.யில் ஃபில்டரோடு ஒரு தடவை, அடுத்த 4,000 கி.மீ.யில் இன்னொரு தடவை மாற்றுங்கள். எந்த நல்ல ஆயிலிலும் அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் இருக்கிறது. அது மெதுவாகக் கரைக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். டீசல் இன்ஜினில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கேள்வி: மேனுவலில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. பழைய இன்ஜின் என்பதால் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார்கள்.

வண்டியை விற்கப் போகிறவர் செய்யும் வேலை அது. கெட்டியான ஆயில் புகையையும் சத்தத்தையும் கொஞ்ச நாள் மறைக்கும். பதிலுக்கு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது டர்போவுக்கும் மேலே கேம்ஷாஃப்டுக்கும் ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். மேனுவல் அனுமதித்தால் ஒரு படி ஏறி 5டபிள்யூ-40 போகலாம், அதோடு நிறுத்துங்கள். சைலன்சரில் டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருந்தால் சாம்பல் குறைவான ஆயில் கட்டாயம். இல்லாவிட்டால் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும்.

'ஹை மைலேஜ்' என்று வரும் ஆயிலில் ரப்பர் சீலை இளக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். இறுகிப்போன சீலில் வரும் லேசான ஊறலை அது குறைக்கும். கிழிந்த சீலை ஒட்ட வைக்காது.

கேள்வி: நானே ஃபில்டர் மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஆயில் பீய்ச்சி அடித்தது.

உடனே ஆஃப் செய்திருந்தால் தப்பித்தீர்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புது ஃபில்டரை முறுக்கினால் இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, பிரஷர் வந்ததும் பிதுங்கும். ஃபில்டரைக் கழற்றியதும் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை. டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரோடு கசிகிறதே என்று இன்னும் இறுக்கித்தான் பல அலுமினிய சம்ப்புகளில் மரை போயிருக்கிறது.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். இரண்டு லட்சம் கி.மீ. வரை ஆயில் மாற்றியதே இல்லை போலிருக்கிறது. "இப்போது மாற்றினால் பாக்ஸ் போய்விடும், தொடாதே" என்கிறார்கள். தொடலாமா அண்ணா?

கியர் ஒழுங்காக விழுகிறது, வழுக்கல் இல்லை, உதைப்பு இல்லை என்றால் தாராளமாகத் தொடலாம். வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி வைத்தியமாக ஆயில் மாற்றியவர்களின் பாக்ஸ்தான் அடுத்த வாரம் நிற்கிறது. பழி புது ஆயில் மேல் விழுகிறது. உள்ளே கிளட்ச் பிளேட் ஏற்கனவே தேய்ந்திருந்தால் எந்த ஆயிலும் காப்பாற்றாது.

செய்யும் முறை முக்கியம். மெஷின் வைத்துப் பிரஷரில் அலசுவது வேண்டாம். டிரெயின் போல்ட்டைத் திறந்து வடிகிறதை மட்டும் வடித்து, அதே அளவு புதிதை ஊற்றுங்கள். பாதிக்கு மேல் டார்க் கன்வர்ட்டரிலும் (இன்ஜினையும் பாக்ஸையும் ஆயிலால் இணைக்கும் பாகம்) கூலர் குழாயிலும் தங்கிவிடும். மொத்தம் 10 லிட்டர், ஒரு தடவை 4 லிட்டர் வடிகிறது என்று வையுங்கள். முதல் தடவைக்குப் பின் 40 சதவீதம் புதுசு, இரண்டாவதில் 64, மூன்றாவதில் 78. நடுநடுவே சில நூறு கி.மீ. ஓட்டுங்கள். மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வடிந்ததை அளவுக் கோடு போட்ட கேனில் பிடியுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். எவ்வளவு வந்தது என்று தெரியாமல் எவ்வளவு ஊற்றுவீர்கள்? அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தங்கள் இருக்கும். சாம்பல் நிறத்தில் மை போலக் குழைவாக ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் ஆயில் செலவை மிச்சம் பிடித்து ரிப்பேருக்கு வையுங்கள்.

டிப் ஸ்டிக் இல்லாத பாக்ஸ் என்றால், வண்டி சமதளத்தில் நிற்க, இன்ஜின் ஓட, ஆயில் மேனுவல் சொல்லும் சூட்டில் இருக்கும்போது லெவல் போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பல மாடல்களில் அது 40 டிகிரியை ஒட்டி வரும். சூடு ஏறினால் ஆயில் விரியும்; அதிக சூட்டில் பார்த்து நிறுத்தினால் உள்ளே குறைவாகத்தான் இருக்கும். ஆயில் வகையிலும் சமரசம் கூடாது. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் வகை ஆயில் கேட்கும் பாக்ஸில் அதன் பழைய வகையான டி-4 ஊற்றாதீர்கள்.

கேள்வி: பின் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துவிட்டேன். ஊற்றும் போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது!

இதனால்தான் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றச் சொல்வது. அது கழன்ற பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான்.

இப்போது வண்டியை நகர்த்தாதீர்கள். துரு இளக்கியை அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பிறகு நீளமான கைப்பிடியோடு பாக்ஸ் ஸ்பேனர். முனை மழுங்கிய ஸ்பேனர் கூடாது. அப்போதும் வராவிட்டால் ஆக்ஸிலின் மேலே இருக்கும் பிரீதரை (உள்ளே சூடாகும் காற்று வெளியேறும் சிறு மூடி) கழற்றி, அந்த ஓட்டை வழியாக மெல்லிய குழாயில் மேனுவல் அளவை மெதுவாக ஏற்றலாம். அது தற்காலிகம்.

பிரீதரை எப்படியும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய பிக்கப்பில் அது சேறு அடைத்துத்தான் இருக்கும். உள்ளே காற்று சூடாகி வெளியேற வழியில்லாமல் ஆக்ஸில் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அது போய் நனைப்பது பிரேக் ஷூவை. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) என்றால் அதற்கான சேர்க்கை கலந்த ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று அதிரும்.

கேள்வி: மிச்சமிருக்கும் டிஃபரன்ஷியல் ஆயிலை மேனுவல் கியர் பாக்ஸில் ஊற்றலாமா?

கியர் பாக்ஸுக்கு மேனுவலில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) என்று போட்டிருந்தால் கூடாது. டிஃபரன்ஷியல் ஆயில் பெரும்பாலும் ஜிஎல்-5. ஜிஎல்-5 ஆயிலில் கந்தகச் சேர்க்கை அதிகம், அது கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

கேள்வி: பச்சைக் கூலண்ட் இருக்கிறது, கையில் இருப்பது சிவப்பு. கலக்கலாமா?

நிறம் கம்பெனி போடும் சாயம்தான். பார்க்க வேண்டியது வகையை. ஒத்துப்போகாத இரண்டு கலந்தால் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். பழையதை வடித்து, வெறும் தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

பலர் தப்பு செய்வது இதற்கு அப்புறம். கொள்ளளவு 10 லிட்டர், வடிவது 6 என்றால் இன்ஜின் பிளாக்கில் 4 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்து வரும் கேனை ஊற்றினால் கூலண்ட் 30 சதவீதம்தான் தேறும். கலக்காத கூலண்ட் 5 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி இன்ஜினை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

வடித்தது இளஞ்சிவப்பாகப் பால் போல இருந்தால் நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயில் கூலர் பெரும்பாலும் ரேடியேட்டருக்குள்தான். அது உடைந்து இரண்டும் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மாற்றாமல் எதை ஊற்றியும் பயனில்லை.

கேள்வி: பிரேக் ஆயில் மாற்றியதிலிருந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது.

பிக்கப்பில் முதல் சந்தேகம், பின் ஆக்ஸிலுக்கு மேலே சுமைக்கேற்ப பின் பிரேக்கைக் குறைக்கும் வால்வு. பல மாடல்களில் அதற்கென்று தனி பிளீடர் நிப்பிள் (காற்றை வெளியேற்றும் திருகு) உண்டு; நாலு சக்கரத்தோடு நிறுத்தினால் காற்று அங்கேயே நிற்கும்.

இரண்டாவது, பெடல் மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்திருப்பீர்கள். பழைய சிலிண்டரின் ஆழத்தில், வழக்கமாக சீல் போகாத பகுதியில் துரு இருக்கும். அது சீலைக் கிழிக்கும். அடுத்த முறை பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து மிதிக்கச் சொல்லுங்கள். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 போடலாம், டாட் 5 மட்டும் கூடாது. அது சிலிகான். இன்ஜின் ஆயில் ஊற்றிய புனலையும் இங்கே கொண்டுவராதீர்கள், கொஞ்சம் கலந்தாலே ரப்பர் ஊதிவிடும்.

கேள்வி: பவர் ஸ்டீயரிங்?

ரிசர்வாயரில் இருப்பதை ஊசிச் சிரிஞ்சால் உறிஞ்சி, புதிதை விட்டு, ஓட்டி, மறுபடி உறிஞ்சுங்கள். நிறம் தெளியும்வரை செய்தால் போதும்.

கேள்வி: வடித்த ஆயிலை எல்லாம் ஒரே டிரம்மில் சேர்க்கலாமா?

இன்ஜின், கியர், டிஃபரன்ஷியல் ஆயிலைச் சேர்க்கலாம். கூலண்ட், பிரேக் ஆயில் இரண்டுக்கும் தனித்தனிக் கேன். கலந்துவிட்டால் பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் வாங்க மாட்டார்கள். கூலண்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், செத்துப்போகும். அந்தக் கேனை மூடியே வையுங்கள். தரையில் சிந்தியதையும் உடனே கழுவித் துடையுங்கள்.