கடலோர வீட்டுக் கூரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தை பிறந்து மழை ஓய்ந்துவிட்டால் போதும், எனக்கு வருகிற கேள்விகளில் பாதி கூரையைப் பற்றியதாகத்தான் இருக்கும். எல்லோரும் மழையைத்தான் திட்டுகிறார்கள். கடலோரத்தில் உப்பு செய்கிற வேலையையும் சேர்த்து மழையின் தலையிலேயே கட்டிவிடுகிறோம். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வேளாங்கண்ணியிலிருந்து: வீடு கட்டி 22 வருடம் ஆகிறது. கடற்கரை நடக்கிற தூரம்தான். படுக்கையறைக்கு மேலுள்ள கான்கிரீட் தளத்தின் அடியில் பூச்சு பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. "கொத்திவிட்டுப் பூசிவிடலாம்" என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

அவர் சொல்கிறபடி செய்தால் இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். அப்புறம் பூசிய இடத்தைச் சுற்றிலும் புதிதாகப் பெயரும்.

காரணத்தைச் சொல்கிறேன். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதன் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். கடல்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து வீங்கி, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி விழவைப்பது அதுதான். கம்பி போகும் வரிசையிலேயே நேர்கோடாக விரிசல் ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் சேதம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் தளத்தின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்றால் நல்ல இடம். பொக்கென்று ஓசை வந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு முறம் அளவு என்றால், தட்டிப் பார்த்தபின் அரை அறைக்கு வட்டம் விழுவதுண்டு.

பழுதுபார்ப்பதில் வரிசை முக்கியம். முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் கொத்த விடாதீர்கள். கம்பியின் கீழ்ப்பக்கம் மட்டும் கொத்தினால் பயனில்லை. கம்பிக்குப் பின்னாலும் ஒரு அங்குலம் அளவுக்கு இடைவெளி வரும்வரை எடுக்க வேண்டும். கம்பியை பிரஷ் போட்டு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த மோர்ட்டார் அல்லது மைக்ரோ கான்கிரீட் கொண்டு அடைக்க வேண்டும். கால்வாசிக்கு மேல் மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்கத்தான் வேண்டும். எவ்வளவு, எங்கே என்பதைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

பூசிய இடத்தைச் சுற்றிப் பெயரும் என்றேனே, அது இதனால்தான்: புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாக இருக்கிறது, அதே கம்பியின் தொடர்ச்சி பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து, எல்லையில் துரு வேகம் பிடிக்கிறது. இதைத் தடுக்க, ஓரங்களில் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் புதைக்கும் ஜிங்க் அனோடுகள் (துத்தநாகக் கட்டிகள்) கிடைக்கின்றன. கம்பிக்குப் பதிலாக அவை கரையும். செலவு கூடும். ஆனால் இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: அடுத்த மாதம் தளம் போடப்போகிறோம். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சிமென்ட் கடைக்காரர் "கடலோரம் என்றால் எஸ்ஆர்சி சிமென்ட்தான்" என்கிறார்.

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். முதலில் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், பெரிய செலவில்லை. அளவு தாண்டினால் கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குங்கள். அதையும் சோதித்த பிறகுதான். "கலவைக்கு நல்ல தண்ணீர், நனைக்கப் போர் தண்ணீர்" என்று மேஸ்திரி சமரசம் பேசுவார். ஒப்புக்கொள்ளாதீர்கள். தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீரில் உப்பு இருந்தால், வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தளத்தில் தங்கும்.

சிமென்ட் விஷயத்தில் கடைக்காரரோடு நான் ஒத்துப்போகவில்லை. எஸ்ஆர்சி, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உள்ள சல்ஃபேட்டைத் தாங்குவதற்கானது. கூரைக் கம்பிக்கு எதிரி குளோரைடு. அதைத் தடுப்பதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டும், இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட்டும் மேல். இவை மெதுவாக இறுகும் ரகம் என்பதால் பத்து நாளாவது குறையாமல் நனைக்க வேண்டும். இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது.

கலவைத் தரத்தில், கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று அதே ஐ.எஸ். 456 வகைப்படுத்துகிறது. அதற்குக் குறைந்தபட்சம் எம்30 (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம். உப்புக்காற்று நேரடியாகப் படாமல் மறைவாக இருக்கும் பகுதிக்கு எம்25, 30 மி.மீ. நம் ஊர் வழக்கமோ எம்20, கவருக்கென்று கம்பியின் அடியில் தள்ளிவிடும் ஜல்லித் துண்டு! ஜல்லியும் பளிங்குத் துண்டும் கவர் பிளாக் ஆகாது. அதே கலவையில் செய்த சிமென்ட் பிளாக்கை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட் போடுகிற அன்று காலையில் ஒரு தடவை மேலே ஏறி, சென்ட்ரிங் தகட்டை ஒட்டிக் குனிந்து பாருங்கள். கட்டுக்கம்பியின் முறுக்கிய முனைகள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு தகட்டைத் தொடும். இரண்டு வருடத்தில் தளத்தின் அடியில் புள்ளி புள்ளியாகத் துரு வருவது அங்கேயிருந்துதான். எல்லா முனையையும் உள்பக்கமாக மடக்கிவிட ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை.

சன்ஷேடுதான் முதலில் போகும் உறுப்பு. அதற்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கலவை கொட்டும்போது ஆட்கள் மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். மூன்று அங்குல சன்ஷேடில் 45 மி.மீ. கவர் எங்கிருந்து வரும்? தடிமனைக் கூட்டித் தரும்படி வடிவமைப்பவரிடமே கேளுங்கள்.

காரைக்காலிலிருந்து: மாடியில் தகர ஷீட் போட்டு அறை எடுத்தோம். மழையே இல்லாத நாளில், விடியற்காலையில் சொட்டுகிறது. ஷீட் போட்டவர் ஓட்டை எதுவும் இல்லை என்கிறார்.

அவர் சொல்வது சரி. ஷீட் வேர்க்கிறது. மேகமில்லாத மார்கழி, தை இரவுகளில் மெல்லிய தகடு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அறைக்குள் இருக்கும் கடலோரத்து ஈரக்காற்று அதன் அடியில் பட்டுத் தண்ணீராகிறது. எட்டு மணி வெயிலில் நின்றுபோனால் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

முகட்டிலும் இறவாணத்திலும் (சுவரைத் தாண்டி நீளும் கூரையின் கீழ் ஓரம்) காற்று போய்வர வழி விடுங்கள். தகட்டுக்கு அடியில் ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷன் போட்டால் பகல் சூடும் குறையும். இன்னொன்று: மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும், அடிப்பக்கத்தையும் இறவாணத்தின் உட்புறத்தையும் யார் கழுவுவது? மழை படாத இடம்தான் முதலில் அரிக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஓஸ் பைப்பால் நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள்.

கொளச்சலிலிருந்து: தாத்தா கட்டிய ஓட்டு வீடு. கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனமில்லை.

மனமில்லாமல் இருப்பதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. சுட்ட ஓட்டில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. உங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. சரிவான கூரை அவற்றை நிற்கவிடாமல் இறக்கிவிடும். உடைந்த ஓட்டை மட்டும் தனியாக மாற்றலாம். கான்கிரீட்டில் அப்படி ஒரு சௌகரியம் இல்லை. பழைய சுவர் தளத்தின் எடையைத் தாங்குமா என்பதும் தனிக் கேள்வி.

ஆனால் மரத்தைப் பார்க்காமல் பாசத்தால் மட்டும் முடிவெடுக்காதீர்கள். கைமரங்கள் சுவரில் உட்காரும் முனையிலும், ஓடு விலகிய இடங்களுக்குக் கீழேயும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனையும் நல்ல தேக்கும் முனையை உள்ளே விடாது. மாவாக இறங்கினால் அந்த மரத்தை மாற்ற வேண்டும். ஓடு உட்காரும் பட்டியல் சட்டங்களை அடிக்கச் சாதாரண இரும்பு ஆணி வேண்டாம், ஸ்டெயின்லெஸ் போடுங்கள். முகட்டோட்டின் மேல் கெட்டியாகச் சிமென்ட் அப்பினால் அது வெடித்து, தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு கலந்த கலவை கொஞ்சம் நெகிழும். பாசியை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அழுத்தத் தண்ணீர் அடித்தால் ஓட்டின் மேல்தோல் போய், அடுத்த வருடம் பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

சரிவாகக் கான்கிரீட் போட்டு அதன்மேல் ஓடு ஒட்டும் புதுப் பாணியை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். இரண்டு முறையின் கெடுதலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

கடலூரிலிருந்து: சித்திரை வெயிலில்கூட ஃபேன் மாட்டும் இடத்தில் சொட்டுகிறது. வாட்டர்புரூஃப் பெயின்ட் இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை.

சித்திரையில் சொட்டினால் மழை எப்படிக் காரணமாகும்? மேலே தண்ணீர்த் தொட்டி, குழாய், மாடிக் குளியலறை, ஏதோ ஒன்று கசிகிறது. தொட்டியை ஒரு நாள் காலியாக வைத்துப் பாருங்கள். கசிவு ஃபேனுக்கு நேர் மேலேதான் இருக்க வேண்டும் என்றில்லை. தளத்துக்குள் புதைத்த மின்குழாய் வழியாகப் பத்தடி ஓடிவந்து பெட்டியில் இறங்கும். கசிவை அடைக்கும்வரை அந்த ஃபேன் சர்க்யூட்டை அணைத்து வைக்கவும்.

புதுச்சேரியிலிருந்து: மாடியில் தட்டோடுகளுக்கு இடையிலுள்ள இடுக்குப் பூச்சு எல்லாம் போய்விட்டது. அதன்மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டலாமா? அல்லது விளம்பரத்தில் வரும் வெள்ளைப் பெயின்ட் போதுமா?

மேலே மேலே அடுக்காதீர்கள். ஒரு அங்குலக் கலவை ஆயிரம் சதுர அடிக்கு நாலரை டன்னுக்கு மேல் வரும். டைல்ஸ் எடை தனி. பல வருடம் உப்பு வாங்கிய தளத்தின் தலையில் இதை ஏற்ற வேண்டுமா?

ஓடு அசையாமல் இருந்தால் இடுக்குகளை மட்டும் கீறிச் சுத்தம் செய்து மறுபடி அடைக்கலாம். தட்டினால் பொக்கென்று ஒலிக்கும் ஓடுகளை எடுத்துவிட்டுப் பதியுங்கள். பரவலாகப் போயிருந்தால் பழைய சுர்க்கியை (செங்கல்தூள் சுண்ணாம்புக் கலவையை) கொத்தி எடுத்து, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பை மறுபடி போட்டுத் தட்டோடு பதிப்பதுதான் சரியான வேலை. பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் விடுங்கள். இடித்துக் கெட்டிப்படுத்தப் பொறுமையுள்ள ஆட்கள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பி அறைச் சூட்டைக் குறைக்கும், அதற்காக அடிக்கலாம். சில வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும், விரிசலை அது ஆற்றாது என்பதையும் தெரிந்துகொண்டு அடியுங்கள். எந்த வேலையானாலும் மாசி முதல் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். ஈரத் தளத்தில் அடித்த பூச்சு கொப்பளித்துக்கொண்டு வரும்.

வேதாரண்யத்திலிருந்து: 2018 கஜா புயலில் ஷீட் கூரை மொத்தமும் போனது. மறுபடி ஷீட்தான் போட முடியும். எப்படிப் போட்டால் நிற்கும்?

கூரையைக் காற்று மேலேயிருந்து அமுக்குவதைவிட, உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். அதிலும் ஓரம், மூலை, முகடு இந்த மூன்றில்தான் இழுப்பு அதிகம். நடுவில் போடும் இடைவெளியிலேயே இங்கும் திருகாணி போட்டால் ஓரத்தில் கிளம்பிப் பாய் சுருட்டுவதுபோலக் கொண்டுபோய்விடும். ஓர வரிசைகளில் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொக்கிபோல மாட்டும் ஜே போல்ட்டை நம்புவதைவிட, ஷீட்டைத் தாங்கும் பர்லின் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட் நல்லது.

ஷீட்டைப் பைப்போடு கட்டிவிட்டால் முடிந்துவிடாது. பைப் சுவரோடு, சுவர் அடித்தளத்தோடு கம்பியால் தொடர்ச்சியாகப் பிடித்திருக்க வேண்டும். சுவருக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பைப் ஷீட்டையும் தூக்கிக்கொண்டே பறக்கும். தட்டையான சாய்ப்பைவிட, நாலு பக்கமும் சரியும் கூரைக்கு இழுப்பு குறைவு. இறவாணத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள். திண்ணைக் கூரையைத் தனியாகப் போடுங்கள், போனால் அது மட்டும் போகட்டும்.

திருகாணிதான் உங்கள் ஊரில் முதலில் துருப்பிடிக்கும். ரப்பர் வாஷரைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அதன் கழுத்து மெலிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் மிச்சம் இருந்தால் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்துக்கொண்டே இருக்கிறது. வெட்ட வெட்ட வருகிறது.

வெட்டினால் வரத்தான் செய்யும், வேர் உள்ளே இருக்கிறதே. இரண்டு இலை விடும் பருவத்திலேயே வேரோடு பிடுங்கி, அந்த இடுக்கை அடைத்துவிட வேண்டும். தடித்துவிட்டால் சுற்றிலும் கொத்தி வேரை எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். அங்கே முளைக்கிறது என்றால் அங்கே ஈரம் நிற்கிறது என்று பொருள். பக்கத்திலிருக்கும் மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். சருகு, காக்கை போட்ட எலும்பு, பிள்ளைகள் தொலைத்த பந்து, ஏதாவது ஒன்று கட்டாயம் உட்கார்ந்திருக்கும்.