கிம்ப்பில் பைத்தான் ஸ்கிரிப்ட்: கேள்வி பதில்

கேள்வி: படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் பழைய 2.10 பதிப்புக்கு எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே 3.0-இல் போட்டேன். மெனுவில் தலையே காட்டவில்லை. ஏன்?

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, கோப்பு கிடக்கும் இடம். 3.0-இல் ஒவ்வொரு பிளக்-இன்னுக்கும், அதாவது உங்கள் ஸ்கிரிப்ட் போல கிம்ப்போடு சேரும் துணை நிரலுக்கும், தனி ஃபோல்டர் வேண்டும். ஃபோல்டரின் பெயரும் உள்ளே இருக்கும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். லினக்ஸ், மேக் என்றால் கோப்புக்கு இயக்கும் அனுமதியும் கொடுங்கள். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

இரண்டாவதுதான் பெரிய வேலை. 2.10 நம்பியிருந்த பைத்தான் 2-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பைத்தான் 3-க்கு மாறிவிட்டது. ஸ்கிரிப்டைக் கிம்ப்பில் பதிவு செய்யப் பயன்பட்ட பழைய 'கிம்ப்ஃபு' மாடியூலும் போய்விட்டது. பதிவு செய்யும் பகுதியைப் புதிதாகத்தான் எழுத வேண்டும். கணக்குப் போடும் பகுதி ஓரளவு தப்பிக்கும்.

கேள்வி: ஸ்கீம், பைத்தான், லுவா... எதைக் கற்பது?

பதில்: பைத்தான். அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்கப் பொறுமை உண்டென்றால் ஸ்கீமில் எழுதும் ஸ்கிரிப்ட்-ஃபுவும் மோசமில்லை. எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் போய் நிற்பது கிம்ப்பின் செயல்முறைத் தரவுத்தளத்தின் வாசலில்தான். அளவு மாற்று, சேமி என்று பல கட்டளைகள் அங்கே பெயரோடு பதிவாகியிருக்கும். ஹெல்ப் மெனுவில் உள்ள புரொசீஜர் பிரவுசரைத் திறந்து ஒரு மணி நேரம் மேய்ந்து பாருங்கள். மொழியை விட அது முக்கியம்.

கேள்வி: என் ஸ்கிரிப்ட் செயலிழந்தால் திறந்திருக்கும் படமும் போய்விடுமா?

பதில்: பொதுவாகப் போகாது. பிளக்-இன் தனி புராசஸாக ஓடுகிறது; அது விழுந்தால் ஒரு எச்சரிக்கை வரும், கிம்ப் தொடர்ந்து ஓடும். ஆனால் பாதியில் விழுந்த ஸ்கிரிப்ட் படத்தை அரைகுறையாக மாற்றி வைத்திருக்கலாம். அதனால் நகல் எடுத்துச் சோதியுங்கள். இதில் ஒரு சௌகரியமும் உண்டு: ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால், பைத்தான் நிரலைத் திருத்தியதும் அடுத்த ஓட்டத்திலேயே மாற்றம் தெரியும். மெனு இடத்தையோ உள்ளீடுகளையோ மாற்றினால்தான் கிம்ப்பை மூடித் திறக்க வேண்டும். இது தெரியாமல் பல நாள் மூடித் திறந்துகொண்டிருந்தவன் நான்.

கேள்வி: ஒவ்வொரு பிக்சலாக நிறம் மாற்றும் லூப் எழுதினேன். டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியவில்லை.

பதில்: 4000-க்கு 3000 படம் என்றால் 1.2 கோடி பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பு என்றால் எந்த மொழியும் மூச்சு வாங்கும். லேயரின் பஃபரை (பிக்சல் தரவை) மொத்தமாக எடுத்து, நினைவகத்தில் வேலையை முடித்து, மொத்தமாகத் திருப்பி எழுதுங்கள். அதற்கு முன், அதே வேலையைச் செய்யும் கெகல் (கிம்ப்பின் படச் செயலாக்க எஞ்சின்) ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: விண்டோஸில் 'நம்பை' (NumPy) என்ற பைத்தான் கணக்கீட்டு நூலகத்தை நிறுவியிருக்கிறேன். ஆனால் கிம்ப் 'இல்லை' என்கிறதே?

பதில்: நீங்கள் நிறுவியது உங்கள் பைத்தானில். கிம்ப் தன்னோடு கொண்டு வந்த பைத்தானைத்தான் பார்க்கும்.

கேள்வி: என் ஸ்கிரிப்ட் பத்துப் படிகள் செய்கிறது. பிடிக்காவிட்டால் பத்து முறை அன்டூ அழுத்த வேண்டியிருக்கிறது.

பதில்: தொடக்கத்தில் ஒரு அன்டூ குழுவைத் திறந்து, முடிவில் மூடுங்கள். எல்லாம் ஒரே அன்டூவில் போய்விடும். நடுவில் பிழை வந்தாலும் மூடும் வரி ஓடும்படி பைத்தானின் 'ஃபைனலி' (finally) பகுதிக்குள் வையுங்கள்.